ஹைதரின் காளையும் எங்கள் செவலைப் பசுவும்

திருநீர்மலையில் எங்கள் பழைய வீட்டுத் திண்ணைக்கு நேரே ஒரு பூவரச மரம் நின்றது. மர்ஹூம் பாட்டனாரின் வண்டி மாடுகள் இரண்டும் அதன் நிழலில்தான் கட்டப்பட்டிருக்கும். அஸர் தொழுகை முடித்துத் திரும்பும் பெரியவர்கள் இரண்டொருவர் திண்ணையில் வந்து அமர்வார்கள். மழை, நெல் விலை, யார் வீட்டுப் பெண்ணுக்கோ வந்த வரன் என்று பேச்சு எங்கெங்கோ அலைந்துவிட்டுக் கடைசியில் மாடுகளிடம் வந்து சேரும். அப்போது பாட்டனார் வலப்பக்கத்துச் செவலையைக் காட்டி, "இதைச் சாமானியமாக எண்ணாதீர்கள். ஹைதர் அலி சாகிபு ஆற்காட்டுச் சீமைக்குப் படை நடத்தி வந்தபோது கூட வந்த மாட்டின் வழி இது" என்பார். சிறுவர்களாகிய நாங்கள் நால்வரும் (அண்ணன் தம்பிகள் மூவர், தங்கை ஒருத்தி) அதை அப்படியே நம்பினோம். பள்ளியில் ஹைதர் பாடம் நடந்த அன்று, எங்கள் மாட்டைப் பற்றிப் புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லையே என்று தங்கை முகம் வாடி வந்தது இன்றும் நினைவிருக்கிறது.

பல்லாவரத்துக்கும் திருநீர்மலைக்கும் நடுவே, நாகல்கேணிப் பக்கம், தோல் பதனிடும் கூடங்கள் நெருங்கியிருந்தன. குரோம்பேட்டை என்ற பெயரே அங்கே எழுந்த குரோம் தோல் தொழிற்சாலையால் வந்ததுதான். அக்கூடங்களுக்கு ஆவாரம் பட்டையும், பிற்காலத்தில் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்ட வாட்டில் பட்டையும், சுண்ணாம்பும், உப்பிட்ட பச்சைத் தோலும் ஏற்றிச் செல்வது பாட்டனாரின் பிழைப்பு. மாட்டின் தோலை மாடே இழுத்துப் போவதன் விசித்திரம் அந்த வயதில் எங்களுக்கு உறைக்கவில்லை. மழை தொடங்கிவிட்டால் அதே ஜோடி, ஏரிக்கடியில் குத்தகைக்கு எடுத்திருந்த ஒரு துண்டு நிலத்தில் சேற்றுழவு உழும்.

இடப்பக்கத்து மயிலை, பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கியது. பழைய சாமான்களுக்கும் பூச்செடிகளுக்கும் இன்று பேர்போன அந்தச் சந்தை ஒரு காலத்தில் மாட்டுச் சந்தை. தரகர்கள் துண்டுக்குள் விரலைப் பற்றி விலை பேசுவார்கள். பாட்டனார் பல்லைப் பார்ப்பார், சுழி பார்ப்பார், குளம்பின் பிளவில் விரலை விட்டுப் பார்ப்பார். ஆனால் செவலையை அவர் எங்கும் வாங்கவில்லை. அது வீட்டுச் செவலைப் பசு ஈன்ற கன்று. அந்தப் பசுவின் தாயும், தாயின் தாயும் அதே தொழுவத்தில் பிறந்தவை. எனவே ஹைதரின் கதைக்கு உரிமை கொண்டாட அந்த ஒரு வழிக்குத்தான் இடம் இருந்தது.

அந்தக் கதையை உடைத்தவர் ஊர் மாடுகளை மேய்ச்சலுக்கு ஓட்டிச் செல்லும் கோனார் தாத்தா. ஒரு மாலை, திண்ணையின் ஓரத்தில் நின்றபடியே அவர் கேட்டார்: "பாய், படையோடு வந்தது பீரங்கி இழுக்கிற எருது. எருது என்றால் காயடித்தது. காயடித்த மாடு எங்கே பாய் வம்சம் வைக்கும்?" திண்ணை முழுவதும் சிரித்தது. பாட்டனார் மட்டும் சிரிக்கவில்லை. வெற்றிலையை நிதானமாக மடித்து வாயில் இட்டுக்கொண்டு, "படை என்றால் எருது மட்டுமா வரும்? பசுவும் காளையும் வராதா?" என்றார். குரலில் பழைய உறுதி இல்லை.

கோனாரின் கேள்வி எங்களை விட்டு அகலவே இல்லை. பிற்காலத்தில் நூலகங்களில் உட்காரும் வாய்ப்புக் கிடைத்தபோது, வேறு எதையோ தேடிப் போன இடத்தில்கூட இதையே தேடினோம்.

பாட்டனாரின் கதைக்கு அடிப்படை இல்லாமற் போகவில்லை. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் மைசூரை ஆண்ட சிக்கதேவராஜ உடையார் ஒரு மாட்டுப் பண்ணையை நடத்தினார். அரண்மனைக்குப் பாலும் வெண்ணெயும் அளித்ததால் அதற்கு 'பெண்ணெ சாவடி', அதாவது வெண்ணெய்ச் சாவடி, என்று பெயர். ஹைதர் அலி ஆட்சியைக் கைப்பற்றியபின் அதே மந்தைகளைப் போருக்குத் திருப்பினார். பாளையக்காரர்களிடமிருந்து வந்த மாடுகளும் அவற்றோடு சேர்ந்தன. அவர் மைந்தர் திப்பு சுல்தான் அதற்கு 'அம்ருத் மஹால்' என்று பெயர் சூட்டி, மாடுகளைப் பராமரிப்பதற்கென்று சட்டதிட்டங்களை எழுதிவைத்தார். 'காவல்' எனப்பட்ட மேய்ச்சல் நிலங்களில் பாதிக் காட்டு மாடுகளாக வளர்ந்த அக்கன்றுகள் பழக்குவதற்குக் கடினமானவை. பழகிவிட்டால் நடைக்கு ஈடு கிடையாது. அவற்றின் மூலம் ஹள்ளிக்கார் என்னும் இனம். தென்னாட்டின் இழுவை இனங்கள் பலவற்றுக்கும் ஹள்ளிக்காரையே மூதாதையாகச் சொல்வது கால்நடை நூலோர் வழக்கம்.

1780-ஆம் ஆண்டு ஜூலையில் ஹைதர் கர்நாடகச் சீமைக்குள் இறங்கினார். அந்தச் செப்டம்பர் 10-ஆம் நாள் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை நொறுங்கியது. அந்தப் போரில் ஆங்கிலேயர் தரப்பு இழுவை மாட்டுக்கும் தானியத்துக்கும் தவித்தது. ஹைதரின் பீரங்கிகளோ விரைந்து நகர்ந்தன. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் இந்த மந்தைகள் வெற்றி பெற்றவர் கைக்குப் போயின. வெல்லிங்டன் பிரபு பிற்காலத்தில் ஸ்பெயின் நாட்டுப் போர்க்களத்தில் நின்றுகொண்டு மைசூர் மாடுகளை நினைத்து ஏங்கியதாகச் சொல்வார்கள். அப்படிப்பட்ட மந்தையையும் 1860-இல் சிக்கனம் கருதி விற்றுத் தொலைத்துவிட்டு, சில ஆண்டுகளில் தவற்றை உணர்ந்து மறுபடி தேடிச் சேர்த்தார்கள். சிக்கனத்தின் கண்ணுக்கு மாடு எப்போதும் தீனிச் செலவாகத்தான் தெரியும் போலும்.

இத்தனையும் படித்தபின் கோனார் சொன்னதே சரி என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. பொள்ளிலூருக்குப் பீரங்கி இழுத்து வந்த எருது எதுவும் சந்ததி வைத்திருக்க முடியாது. ஒருவேளை படையோடு வந்த பசுவோ காளையோ செங்கல்பட்டுச் சீமையில் தங்கியிருந்தாலும், ஒரு தலைமுறைக்கு ஐந்தாண்டு என்று கணக்கிட்டால், எங்கள் செவலைக்கும் அதற்கும் நடுவே நாற்பது தலைமுறை. ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு மூதாதையின் பங்கு பாதியாகும். பத்தாம் தலைமுறையில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இருபதாவதில் பத்து லட்சத்தில் ஒன்று. ஊர் மாடுகள் தமக்குள்ளேயே கலப்பதால் அந்த மூதாதை வேறு வழிகளிலும் வந்து சேரலாம் என்பது உண்மைதான். ஆயினும் 'ஹைதரின் மாடு' என்று சொல்லிக்கொள்ள மிஞ்சுவது பெயர் மட்டுமே.

இங்கேதான் எங்களுக்கு ஓர் உண்மை புலப்பட்டது. கோனாரும் பாட்டனாரும் அதை வாயால் சொன்னதில்லை, கையால் செய்துகொண்டிருந்தார்கள். உழைக்கும் மாட்டுக்குப் பிள்ளை இல்லை. பாரம் இழுப்பதில் சிறந்தது என்று பெயர் வாங்கும் எருது, அந்தப் பெயரை வாங்குவதற்கு முன்பே காயடிக்கப்பட்டுவிடுகிறது. அதன் திறமை அடுத்த தலைமுறைக்குப் போக வேண்டுமானால் அதன் தாய் வழியாக, அக்காள் தங்கை வழியாக, காயடிக்காமல் விட்ட ஓர் உடன்பிறப்பின் வழியாகத்தான் போக வேண்டும். ஆகவே எருதைப் பார்த்துப் பசுவைத் தேர்ந்தெடுத்தார்கள். எங்கள் செவலைப் பசு நாளொன்றுக்குக் கறந்த பால் கன்றுக்குப் போக ஒன்றரைப் படி இருந்தால் அதிகம். பால் கணக்குப் பார்த்திருந்தால் என்றைக்கோ சந்தைக்குப் போயிருக்கும். அது தொழுவத்தில் இருந்ததற்குக் காரணம், அதன் வயிற்றில் பிறந்தவை வெயிலில் நாக்குத் தள்ளாமல் நாகல்கேணி மேட்டை ஏறின என்பதே. காங்கேயமும் உம்பளச்சேரியும் பர்கூரும் இவ்வாறே உருவாயின. யாரோ ஓர் அரசர் ஆணையிட்டு ஓர் இனம் தோன்றிவிடவில்லை. ஆயிரம் தொழுவங்களில் ஆயிரம் பேர், 'இந்தக் கன்றைக் காயடிக்காதே, இந்தப் பசுவை விற்காதே' என்று எடுத்த முடிவுகள் சேர்ந்து ஓர் இனமாகத் திரண்டன.

நிலமும் தன் பங்கைச் சேர்த்தது. கொங்குநாட்டின் காய்ந்த கொறங்காட்டில் வளர்ந்த காங்கேயத்துக்கும், காவிரிக் கடைமடையின் சேற்றில் முழங்கால் புதைய உழுத உம்பளச்சேரிக்கும் உடலமைப்பே வேறு. ஆனால் இரண்டின் கன்றும் பிறக்கும்போது சிவப்பு. காங்கேயக் கன்று ஆறு மாதத்தில் நிறம் மாறிச் சாம்பலாகும். உம்பளச்சேரிக்கு நெற்றியிலும் காலிலும் வெள்ளை இருக்கும். எருதுகளுக்குக் கொம்பைத் தீய்த்துவிடும் வழக்கத்தால் 'மொட்டை மாடு' என்றும் பெயர். நாகூர், திருவாரூர்ப் பக்கத்து வாசகர்கள் சிறு வயதில் பார்த்திருப்பார்கள். உள்ளூர் மாட்டோடு காங்கேயக் காளை கலந்து உம்பளச்சேரி வந்தது என்று சொல்வதுண்டு. அப்படியென்றால் இன்று 'தூய இனம்' என்று போற்றப்படுவதும் ஒரு காலத்துக் கலப்பினமே.

எங்கள் வீட்டுக் கதைக்குத் திரும்புவோம். 1984-ஆம் ஆண்டு செவலைப் பசு பருவத்துக்கு வந்தபோது ஊரில் பொலிகாளை இல்லை. இருந்த ஒன்றை, ஊர்க்காளைகள் தரங்கெட்டவை என்ற அக்கால எண்ணத்தின்படி, காயடித்துவிட்டிருந்தார்கள். ஜெர்சி ஊசி போட்டால் பெண்கன்று ஏழெட்டுப் படி கறக்கும் என்றார்கள். பாட்டனார் வேண்டாம் என்றார். அத்தா நெடுநேரம் பேசாமல் இருந்தார். தங்கை அப்போது பத்தாவது முடித்திருந்தாள். மேலே படிக்க வைக்கப் பணம் இல்லை. வண்டிக்குக் கிராக்கி குறைந்து, பாரமெல்லாம் லாரியில் போகத் தொடங்கியிருந்தது. மறுநாள் காலை அத்தா பசுவை ஓட்டிக்கொண்டு போய் ஊசி போட்டு வந்தார்.

பிறந்தது பெண்கன்று. அது வளர்ந்து சொன்னபடியே கறந்தது. அந்தப் பாலில்தான் தங்கை ஆசிரியப் பயிற்சி முடித்தாள். நாங்கள் அதை மறந்து பேச முடியாது. முதல் கறவையின் தேநீரைப் பாட்டனார் இரண்டு நாள் தொடவில்லை. மூன்றாம் நாள் குடித்துவிட்டு, "நல்ல பால்தான்" என்றார், அவ்வளவே. அந்தக் கலப்பினப் பசு அடுத்து ஒரு காளைக்கன்று ஈன்றபோது, அதை வண்டியில் பழக்கிப் பார்க்க அவருக்கு ஆசை. திமில் இருக்க வேண்டிய இடம் தட்டையாக இருந்தது. நுகத்தடி நிற்காமல் முன்னும் பின்னும் வழுக்கியது. சித்திரை வெயிலில் நாகல்கேணி மேட்டில் அது மூச்சிரைத்துப் படுத்துவிட்டது. பாட்டனார் தலைத்துண்டை நனைத்து அதன் நெற்றியில் போட்டு, அருகில் உட்கார்ந்திருந்தார். அடுத்த வெள்ளிக்கிழமை அது பல்லாவரம் சந்தைக்குப் போனது. வண்டியும் நெடுநாள் நிற்கவில்லை.

செவலையின் வழி அத்தோடு அற்றுப்போயிற்று என்றே பல்லாண்டு எண்ணியிருந்தோம். அந்த எண்ணத்தை மாற்றியது மரபணு ஆராய்ச்சி.

உயிரணுவுக்குள் மைட்டோகாண்டிரியா என்று ஒன்று உண்டு. அதற்கெனத் தனியே சிறிது மரபுப்பொருள் இருக்கிறது. அது தாயிடமிருந்து மட்டுமே வரும். தந்தையின் பங்கு அதில் கிடையாது. காளையின் வழியை அறிய வேண்டுமானால் 'ஒய்' குரோமோசோமைப் பார்க்க வேண்டும். அது தந்தையிடமிருந்து மகனுக்குப் போவது. திமிலுள்ள நம் நாட்டு மாட்டுக்கும் திமிலற்ற ஐரோப்பிய மாட்டுக்கும் குரோமோசோம்கள் 60 தான் என்றாலும், 'ஒய்' மட்டும் வடிவில் வேறுபடும். நுண்ணோக்கியில் பார்த்தே ஒரு காளைக்கன்றின் தந்தை எந்தப் பக்கத்தவன் என்று சொல்லிவிடலாம்.

1994-இல் டப்ளின் நகர ஆய்வாளர்கள் தாய்வழி மரபுப்பொருளை ஒப்பிட்டு வெளியிட்ட முடிவு பலரை வியக்க வைத்தது. இவ்விரண்டு வகை மாடுகளின் காட்டு முன்னோர்கள் மனிதன் மாடு வளர்க்கத் தொடங்குவதற்குச் சில லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டார்கள். ஆகவே மாடு ஒருமுறை அன்று, இருமுறை பழக்கப்பட்டது: மேற்காசியாவில் ஒருமுறை, சிந்துவெளிப் பக்கம் ஒருமுறை. பலுசிஸ்தானத்து மெஹர்கரில் 1974 முதல் பிரெஞ்சுக் குழுவினர் அகழ்ந்தபோது கிடைத்த எலும்புகள், ஏறத்தாழ எட்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே மாடு வளர்ப்பு வலுத்ததைக் காட்டின. அங்கிருந்து தெற்கே எப்படி வந்தது என்பதற்குக் கர்நாடக, ஆந்திர எல்லைகளில் சாம்பல் மேடுகள் சாட்சி நிற்கின்றன. ஊட்னூரில் ஆல்ச்சின் என்ற அறிஞர் அகழ்ந்து பார்த்து, அவை மாட்டுப்பட்டியில் குவிந்த சாணம் எரிந்து உண்டான மேடுகள் என்று நிறுவினார். ஹள்ளிக்கார் நாட்டுக்கு அது நெடுந்தொலைவு இல்லை. நாட்டு மாடுகளிடையே காணப்படும் தாய்வழிக் கிளைகள் இரண்டு. ஊரறிந்த இனமோ பெயரில்லாத மாடோ, நம் பசு ஒவ்வொன்றும் அநேகமாக அவற்றுள் ஒன்றைச் சேர்ந்ததே.

ஆப்பிரிக்காவின் செய்தி இதைவிடச் சுவையானது. அங்கே திமிலுள்ள மாடுகள் ஏராளம். பார்வைக்கு நம் மாடுகளே. ஆனால் தாய்வழியைச் சோதித்தால் திமிலற்ற இனத்தின் வழிதான் வருகிறது. கடல் வாணிபத்தில், அரபு வணிகர் காலத்திலும் பெருமளவில், காளைகள் போய்ச் சேர்ந்தன. பசுக்களோ அந்த மண்ணுக்கே உரியவை. பிரேசில் நாட்டில் பெருகிக் கிடக்கும் 'நெலோர்' மாடு நம் அண்டை நெல்லூரின் பெயரைத் தாங்கியது. ஓங்கோல் காளைகளின் வழி வந்தது. அவற்றிலும் பலவற்றின் தாய்வழி ஐரோப்பிய மாட்டுடையது. இதைப் படித்தபோது எங்களுக்கு எங்கள் சமுதாயத்தின் கலியாணப் பேச்சுகள் நினைவுக்கு வந்ததை மறைப்பானேன்? மாடும் மனிதரும் ஒன்றென்று சொல்ல வரவில்லை. வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். ஆனால் நஸபு பேசும்போது நாம் கடல் கடந்து வந்த பாட்டனை மட்டும் எண்ணுகிறோம். இங்கேயே இருந்து, இங்கத்தை மொழியில் தாலாட்டிய பாட்டியின் பெயர் எந்த வீட்டுக் குறிப்பேட்டில் இருக்கிறது? எங்கள் பாட்டனாரும் அதைத்தான் செய்தார். ஹைதரின் காளையைத் தேடிக்கொண்டிருந்தவரின் கண்முன்னே, எட்டாயிரம் ஆண்டு வரலாற்றைச் சுமந்துகொண்டு செவலைப் பசு அசை போட்டபடி படுத்திருந்தது.

எங்கள் தொழுவத்தில் நடந்தது பிரேசிலுக்கு நேர்மாறு. தந்தை வழி ஜெர்சித் தீவினுடையது. தாய்வழி மாறவே இல்லை. செவலையின் மகளுக்கும் பேத்திக்கும் எத்தனை ஊசி போட்டாலும் அந்த ஓர் இழை அறாது.

தமிழ்நாட்டில் இன்று முறையாகப் பதிவு பெற்ற மாட்டினங்கள் ஐந்து: காங்கேயம், உம்பளச்சேரி, பர்கூர், புலிக்குளம், ஆலம்பாடி. 2017 சனவரியில் மெரினாவில் கூடிய இளைஞர்கள் வாயில் இப்பெயர்கள் புரண்டபோது மகிழ்ந்தோம். ஆயினும் செங்கல்பட்டுச் சீமையின் மாட்டுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. அரசுக் கணக்கில் அது 'இனம் குறிப்பிடப்படாதது'. இந்தியாவின் நாட்டு மாடுகளில் பெரும்பாலானவை அந்தத் தலைப்பின் கீழ்தான் வருகின்றன. மரபணு வேறுபாட்டின் பெரும்பகுதி இனத்துக்கும் இனத்துக்கும் இடையே இல்லை, ஒவ்வோர் இனத்துக்குள்ளேயே இருக்கிறது என்கிறார்கள். பெயரிட்ட ஐந்தை மட்டும் காத்தால் போதுமா என்ற கேள்வி எங்களுக்கு உண்டு. பெயரிட்டவையும் பண்ணைகளாலும் உறைவிந்துக் குழாய்களாலும் எவ்வளவு காலம் நிற்கும்? ஏரும் வண்டியும் இருந்தவரை எருதைப் பார்த்துப் பசுவைத் தேர்ந்தார்கள். எருதே இல்லாத ஊரில் எதைப் பார்த்துத் தேர்வது?

திருநீர்மலை 2021-இல் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. பூவரசும் இல்லை, தொழுவமும் இல்லை. தங்கை மணமாகிச் சென்ற சோமங்கலத்தில்தான் செவலையின் வழி இன்னும் இருக்கிறது. கறுப்பும் பழுப்புமாக, திமிலின் அடையாளம் அற்று, ஒரு கலப்பினப் பசு. அதைப் பார்த்துக்கொள்பவள் தங்கையின் மகள். அண்மையில் நாங்கள் அங்கே போயிருந்த காலையில் பசு கத்திக்கொண்டிருந்தது. சினை ஊசி போடுபவருக்குச் சொல்லி அனுப்பியிருந்தாள்.

"மாமா, இந்தத் தடவை காங்கேயம் போடலாமா?" என்று கேட்டாள்.

பால் குறையும், பிறப்பது காளைக்கன்றானால் அதை வைத்துச் செய்ய வேலையும் இல்லை. இத்தனை படித்த எங்களால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. ஊசிக்காரர் வந்து வண்டியை நிறுத்தினார். கையிருப்பில் ஜெர்சிதான் இருக்கிறது, காங்கேயம் வேண்டுமானால் போய் எடுத்து வரவேண்டும், மாலைக்குள் போட்டாக வேண்டும் என்றார். அவள் தாயைப் பார்த்தாள். தங்கை பசுவின் முதுகில், கழுத்துக்குப் பின்னால் நுகம் உட்காரும் இடத்தில், கையை வைத்தபடி நின்றாள்.

"இந்த ஓர் ஈற்று மட்டும்" என்றாள்.

அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். அஸருக்குப் பாங்கு சொல்லும் வேளையில் நைட்ரஜன் குடுவையோடு திரும்பி வந்தார்.